ஆம் விழுந்த இடம்

வியாழக்கிழமை ஆறாவது பீரியடை நினைத்தால் புதன்கிழமையே எனக்குக் கடுப்பு ஏற ஆரம்பித்துவிடும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் ‘சிந்தனைத் திறன்’ கற்பிக்க வேண்டுமாம். மேலிடத்து உத்தரவு. இருபத்தாறு வருடமாகத் தமிழ் சொல்லிக்கொடுப்பவளிடம் வந்து, இத்தனை நாளும் நீ பிள்ளைகளைச் சிந்திக்காமல் பார்த்துக்கொண்டாய் என்று சொல்லாமல் சொன்ன மாதிரி இருந்தது. கூடவே வழவழவென்று ஒரு கையேடு. முதல் பயிற்சி: ‘நீங்கள் விண்கலத்தில் போகிறீர்கள். பத்துப் பொருள்களில் எந்த மூன்றை எடுத்துப்போவீர்கள்?’ நடத்திப் பார்த்தேன். நாற்பத்திரண்டு பேரும் ஒரே மூன்றை எடுத்தார்கள். ஏன் என்றால், பக்கத்தில் இருக்கிறவன் எடுத்தான், நானும் எடுத்தேன் என்றார்கள். இதற்கு விண்கலம் வேறு ஒரு கேடு.

கையேட்டைப் பீரோவில் போட்டுப் பூட்டினேன். யோசித்துப் பார்த்தால் நம் பேச்சிலேயே ஒரு கருவி கிடக்கிறது. ‘வந்தான்’ என்றால் நான் பார்த்தேன். ‘வந்தானாம்’ என்றால் எவனோ சொன்னான். ஒரே ஒரு ‘ஆம்’. அதைப் போட்டால் பொறுப்பு சொன்னவன் தலையில், எடுத்தால் நம் தலையில். வகுப்பின் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் துணி காயப்போடுகிற பிளாஸ்டிக் கயிற்றைக் கட்டினேன். ஒரு முனையில் ‘பார்த்தேன்’ என்று அட்டை, மறு முனையில் ‘ஆம்’ என்று அட்டை. வீட்டில், தெருவில் கேட்ட ஒரு வாக்கியத்தைத் துண்டுச் சீட்டில் எழுதி வர வேண்டும். பார்த்ததா, கேட்டதா என்று நின்று யோசித்து, எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் கிளிப்பில் மாட்ட வேண்டும். கண்ணால் பார்க்காத எதையும் ‘ஆம்’ போடாமல் பேசக் கூடாது என்று சட்டம் வேறு போட்டேன். என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

ஒரே வாரத்தில் உயிரை வாங்கிவிட்டார்கள். “மிஸ், நேத்து எனக்குப் பிறந்தநாளாம்.” “மிஸ், இவன் எங்கண்ணனாம்.” இரைச்சல் கேட்டு ஹெட்மாஸ்டர் எட்டிப் பார்த்தார். “என்ன சத்தம்? நான் யாருன்னு தெரியுதா?” என்றார். முன் பெஞ்சில் ஒருத்தி பவ்வியமாக எழுந்து, “ஹெட்மாஸ்டராம், சார்” என்றாள். “என்னது, ஹெட்மாஸ்டராமா?” “நாங்க ஆர்டரப் பாக்கலையே சார்.” அவர் என்னைப் பார்த்த பார்வையில் என் பென்ஷன் கண்முன் வந்துபோனது.

இன்னொரு விளையாட்டும் வைத்தேன். முதல் பெஞ்சு ஓரத்தில் இருப்பவன் காதில் “சாயங்காலம் மழை வருமாம்” என்று ஓதினேன். அவன் அடுத்தவனுக்கு, அவன் அடுத்தவனுக்கு. கடைசி பெஞ்சுக்காரன் எழுந்து, “நாளைக்கு மழைக்கு லீவு!” என்று அறிவித்ததும் வகுப்பே கைதட்டியது. கைதட்டலை அடக்கிவிட்டு ஒவ்வொருவனாகப் பின்னோக்கி விசாரித்தோம். ‘உன் காதில் விழுந்தது என்ன? உன் வாயில் வந்தது என்ன?’ மூன்றாம் பெஞ்சில் ஒரு பையனிடம் ‘வருமாம்’ என்று போனது ‘வரும்’ என்று வெளியே வந்திருந்தது.

“ஏன்டா எடுத்த?”

“ஆம்னு சொன்னா யாரும் மதிக்க மாட்டாங்க மிஸ். வரும்னு சொன்னாத்தான் கேப்பாங்க.”

அவனுக்கு ஒரு பேனா பரிசு கொடுத்தேன். பக்கத்திலிருந்த சில்லு, “தப்பு பண்ணவனுக்குப் பரிசாம்” என்றாள்.

சில்லு என்பது என் கீழ்வீட்டுப் பெண். எதைப் பேசினாலும் உடைந்த கண்ணாடிச் சில்லு மாதிரி குத்தும். அவளுடைய அப்பனே வைத்த பெயர். அப்பன் மின்சார அலுவலகத்தில் லைன்மேன். அம்மா பெரிய ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவு. வார்டு வார்டாகப் போய் அழுக்கு விரிப்பை எடுத்து வெளுத்த விரிப்பை மாற்றுகிற வேலை. நான் மாடியில் ஒண்டிக்கட்டை. மாடிப்படியின் கைப்பிடியில் லைன்மேனின் ரப்பர் கையுறைகள் மழைக்காலம் முழுக்க ஈரமாய்த் தொங்கும். அவன் மனைவிக்கு நான் மிஸ்ஸா அக்காவா என்று தீர்மானம் ஆகாததால் ‘மிஸ்ஸக்கா’.

“மிஸ்ஸக்கா, இந்தப் பொண்ணுக்கு என்னத்தச் சொல்லிக் குடுத்தீங்க? சாப்பிட வாடின்னா ‘சாப்பாடு ரெடியாம்’ங்கிறா. மூடியத் திறந்து பாத்துட்டுத்தான் உக்கார்றா. நான் என்ன, அவகிட்டப் பொய்யா சொல்றேன்?”

“பாடம் அது. ஒரு வாரத்துல அடங்கிடும்.”

“அடங்கிடுமாம்” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. தாய்க்காரி கரண்டியோடு ஓடினாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை விபத்து நடந்தது. நான்கு நாளாக விடாத மழை. மத்தியானமே மூன்று தெருவுக்குக் கரண்ட் போய்விட்டது. நானும் நாலு தடவை அலுவலகத்துக்கு போன் போட்டுக் கத்தினேன், ஒளிப்பானேன். கம்பத்தின் உச்சியில் கம்பி அறுந்து தொங்கியது. ஏறியவன் பெயர் ஏணி. அப்படித்தான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவ்வளவு உயரம். லைன்மேனும் அவனும் பதினான்கு வருடமாக ஒரே கேங். ஒருவன் ஏறினால் ஒருவன் கீழே நிற்பான். அன்றைக்கு ஏணி ஏறினான், லைன்மேன் கீழே நின்றான். கம்பியில் கை வைத்ததும் தூக்கி எறிந்துவிட்டது. வலது கை மணிக்கட்டு வரை வெந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். லைன் அணைந்திருக்கவே இல்லை.

சாயங்காலம் லைன்மேன் நனைந்து வந்து படிக்கட்டில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. மனைவி டீயும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள். டீ ஆறி, ரொட்டி ஈரக்காற்றில் நமுத்துப்போனது. நான் இறங்கி வந்து, “எப்படிப்பா ஆச்சு?” என்றேன்.

“அவன் கேக்காம ஏறிட்டான் மிஸ்” என்றான். என்னைப் பார்க்காமல்தான் சொன்னான்.

இது அவர்கள் கேங்குக்கு மேலாளான ஃபோர்மேன் சொல்லிக்கொடுத்த வாக்கியம் என்று அப்போது எனக்குத் தெரியாது. விசாரணை வரும், லைன்மேன் சனிக்கிழமை எழுத்தில் வாக்குமூலம் தர வேண்டும். ஏணி தானாக ஏறினான் என்று எழுதினால் தப்பு ஏணியோடு முடிந்துவிடும். ஏணிக்கு நஷ்டஈடு கிடையாது, வைத்தியச் செலவும் அவன் தலையில். ஆனால் மற்ற எல்லோருக்கும் வேலை இருக்கும். லைன்மேனுக்கும் இருக்கும்.

வியாழக்கிழமை வந்தது. பிள்ளைகள் சீட்டுகளை மாட்டிக்கொண்டிருந்தார்கள். கயிற்றின் கீழே ஒரே கூச்சல். போய்ப் பார்த்தால் சில்லுவும் ஃபோர்மேன் மகனும். அவனும் அதே வகுப்புதான். அவன் சீட்டு ‘பார்த்தேன்’ பக்கத்தில் தொங்கியது: ‘ஏணி யாரையும் கேக்காம ஏறினார்.’ சில்லுவின் சீட்டு மறு முனையில்: ‘ஏணி மாமா யாரையும் கேக்காம ஏறினாராம்.’

“நீ பாத்தியா?” என்றாள் சில்லு.

“எங்கப்பா பாத்தாரு.”

“அப்ப உங்கப்பா வந்து மாட்டட்டும். நீ ஏன் மாட்டுற?”

“உங்கப்பாவும்தான் பாத்தாரு! உங்கப்பாவே சொன்னாருல்ல? உங்கப்பாவையே நீ நம்பலையா?”

சில்லு தன் சீட்டைப் பார்த்தாள், அவன் சீட்டைப் பார்த்தாள். “நான் பாக்கல” என்றாள். அவ்வளவுதான். நான் இரண்டு சீட்டையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். வாத்தியார் புத்தியில் பிரச்சினை முடிந்துவிட்டதாகவும் நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலையே ஃபோர்மேன் பைக்கில் வந்து இறங்கினான். நான் மாடியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அவன் குரல் தெரு முழுக்கக் கேட்டது.

“உன் மகளே உன்ன நம்பலன்னு பள்ளிக்கூடத்துல கயித்துல எழுதித் தொங்கவிட்டிருக்காளாமே? என் பையன் வந்து சொல்றான். நாளைக்கு இன்ஜினியர் காதுக்குப் போனா என்ன ஆகும் தெரியுமா? உனக்காகத்தான்யா நான் இவ்வளவும் பாக்குறேன்!”

பைக் போனதும் படிக்கட்டு அதிர்ந்தது. கீழ்வீட்டுக்காரி மேலே வந்துவிட்டாள். ஆஸ்பத்திரிச் சலவைத்தூள் வாசனை அவளுக்கு முன்னால் வந்தது.

“உங்களுக்கு என்ன பாவம் பண்ணோம் மிஸ்ஸக்கா? என் வீட்டுப் பேச்ச உங்க கயித்துல காயப் போட்டிருக்கீங்க!”

“அவ பேரு, வீடு எதுவும்…”

“எல்லாருக்கும் தெரியும்! ஊர்ல எத்தன ஏணி இருக்கு? பிள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுங்க, தமிழ் சொல்லிக் குடுங்க. அப்பன சந்தேகப்படச் சொல்லிக் குடுக்கச் சொல்லி எவன் கேட்டான்?”

“சந்தேகப்படச் சொல்லலம்மா. பாக்காதத பாத்தேன்னு சொல்லாதேன்னுதான்…”

“எங்க பொழப்பே அதுல தொங்குது, அது உங்களுக்குத் தெரியுமா?” என்று உடைந்து அழுதுவிட்டாள். முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கோபம் குறையாமலேயே, “ரெண்டு நாளா கஞ்சிகூட இறங்கல அந்த மனுஷனுக்கு” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

எனக்குக் கோபமான கோபம். அவள்மேல், ஃபோர்மேன்மேல், அந்த உத்தரவு போட்டவன்மேல், எல்லாவற்றுக்கும் மேல் என் மேல். பதினொரு வயசுப் பிள்ளை கையில் ஒரு கத்தரிக்கோலைக் கொடுத்துவிட்டு, எதை வெட்டுவாள் என்று யோசிக்காத என்னைச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை ஹெட்மாஸ்டரும் கூப்பிட்டுவிட்டார். “மேடம், கயிற அவுத்துடுங்க. விண்கலமே போதும்.” அவுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு லைன்மேன் மாடிப்படியில் நின்றான். கையில் நான்கு வெள்ளைத்தாள்.

“மிஸ், நான் பத்தாவதோட நின்னவன். ஆபீசுக்கு எழுதுற மாதிரி நீங்கதான் எழுதித் தரணும். நான் சொல்றேன், நீங்க எழுதுங்க.”

கீழே போனேன். சில்லு தரையில் வீட்டுப்பாடத்தோடு. தாய்க்காரி முகம் கொடுக்காமல் டீ வைத்தாள். வெளியே மழை கொஞ்சம் விட்டிருந்தது, ஓட்டு விளிம்பிலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. நான் பேனாவைத் திறந்தேன்.

“செவ்வாய்க்கிழமை மதியம் மூணு மணிக்கு நானும் மேற்படி ஊழியரும் பழுது பாக்கப் போனோம்.”

எழுதினேன்.

“அவர் யாரையும் கேட்காமல் கம்பத்தில் ஏறினார்.”

என் கை நின்றுவிட்டது. பழக்க தோஷம். “நீங்க பாத்தீங்களா?” என்று வாய் கேட்டுவிட்டது.

“மிஸ், எழுதுங்க.”

“எழுதுறேன். நீங்க கீழதான நின்னீங்க? கேக்காம ஏறுறவன ஏன்யா இறங்குடான்னு சொல்லல? இதத்தான் முதல்ல கேப்பாங்க.”

“அய்யோ மிஸ்ஸக்கா!” தாய்க்காரி அடுப்படியிலிருந்து வந்தாள். “உங்க வகுப்ப இங்க நடத்தாதீங்க, புண்ணியமாப் போகும். அவரு சொல்றத எழுதுங்க.”

“நான் எழுதினா என் எழுத்துல இருக்கும்மா.”

“அவரு கையெழுத்துதான போடப் போறாரு?”

“யாராவது ஒருத்தர் கொஞ்சம் பேசாம இருக்கீங்களா?” என்று லைன்மேன் கத்தினான். அந்த மனுஷன் கத்தி நான் கேட்டதேயில்லை.

அந்த அமைதியில்தான் சில்லு தலையைத் தூக்கினாள். குரலில் குத்தல் எதுவும் இல்லை. வகுப்பில் பின்னோக்கி விசாரித்தோமே, அதே மாதிரி நிதானமாகக் கேட்டாள். “அப்பா, ஃபோர்மேன் மாமா உங்ககிட்ட என்ன சொன்னாரு? அந்த வார்த்தைய அப்படியே சொல்லுங்க.”

“போடி உள்ள!” என்றாள் தாய்.

லைன்மேன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தான். “ரோட்டுக்கு அந்தப் பக்கம் குடை புடிச்சு நின்னாரு. போன்ல பேசிட்டு, ‘ஆஃப் பண்ணிட்டாங்களாம்’னு கத்தினாரு.”

“நீங்க ஏணி மாமாகிட்ட என்ன சொன்னீங்க?”

ஓட்டு விளிம்பில் சொட்டுவது கேட்டது.

“ஆஃப் ஆயிடுச்சு, ஏறுடான்னு.”

நான் பேனாவின் மூடியைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். சில்லுவின் கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனால் கேள்வியை விடவில்லை.

“ஏம்ப்பா அத எடுத்தீங்க?”

“ஆஃப் பண்ணிட்டாங்களாம்னு சொன்னா அவன் ஏற மாட்டாம்மா.” அவன் அழுதுகொண்டே சொன்னான். “பதினாலு வருஷமா எனக்கு அவனத் தெரியும். ‘பண்ணிட்டாங்களாமா? யாரு பாத்தா? போயி எர்த் ராடு எடுத்துட்டு வா, கம்பியில போட்டுக் கரண்ட் இல்லன்னு பாத்துட்டு ஏறுறேன்’னு நிப்பான். ராடு வேன்ல கிடக்கு. வேன் தெருமுனையில. அந்த மழையில நடந்து போயிட்டு வரணும். போன் மேல போன் வருது. மூணு தெரு ஜனமும் ஜன்னல்ல நின்னு எங்களத் திட்டுது. அதான். அதான் எடுத்தேன்.” கொஞ்சம் நிறுத்தி, “நான் சொன்னதுனாலதான் ஏறினான். வேற எவன் சொல்லியிருந்தாலும் ஏறியிருக்க மாட்டான்” என்றான்.

தாய்க்காரி சுவரோரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளிடமும் அவன் இதுவரை சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

“தினமும் அந்த வார்டுல நான்தான் விரிப்பு மாத்துறேன்” என்றாள் அவள். “ஏணி பொண்டாட்டி என் கையப் புடிச்சுக்கிட்டுப் பொலம்புறா. ‘என் புருஷனுக்கு அறிவே இல்லக்கா, கேக்காம கொள்ளாம ஏறியிருக்கான், இப்ப கையும் போயி நிக்கிறோம்’னு. நானும் ஆமா ஆமான்னு தலையாட்டிட்டு வர்றேன். தலையாட்டிட்டு வர்றேங்க!” கடைசி வார்த்தையைப் புருஷனைப் பார்த்துக் கூவினாள்.

“நான் எழுதிக் குடுத்துடுறேன்” என்றான் லைன்மேன்.

“என்னன்னு?”

“நடந்தத.”

“எழுதிட்டு? வேலைய விட்டு அனுப்புவாங்க. என் ஒருத்தி சம்பளத்துல வாடகை குடுப்பீங்களா, சில்லுவப் படிக்க வைப்பீங்களா? ரெண்டும் தப்பாவே இருந்தா மனுஷன் எதத்தான் செய்யிறது? சொல்லுங்க மிஸ்ஸக்கா. ஊருக்கெல்லாம் யோசிக்கச் சொல்லிக் குடுக்குறீங்களே, இதுக்கு யோசிச்சுச் சொல்லுங்க.”

“தெரியலம்மா” என்றேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. என் வேலைக்கும் என் பென்ஷனுக்கும் எந்தக் கேடும் வராத இடத்தில் உட்கார்ந்துகொண்டு, அந்த மனுஷனிடம் உண்மையை எழுது என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

லைன்மேன் என் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டான். புதுத்தாள் எடுத்தான். கம்பம் ஏறுகிற தடித்த விரல்களால் அழுத்தி அழுத்தி, ஒவ்வொரு வரியையும் முனகிக்கொண்டே எழுதினான். ‘லைன் ஆஃப் ஆகிவிட்டது ஏறு என்று நான் தான் சொன்னேன். நான் பார்க்க வில்லை. ராடு போட்டு பார்க்க வில்லை.’ ஏழு பிழைகள் இருந்தன. இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக ஒரு தாளைத் திருத்தாமல் திருப்பிக் கொடுத்தேன். தாய்க்காரி எழுந்து போய், ஆறிய டீயைக் கொட்டிவிட்டு மறுபடி அடுப்பை மூட்டினாள். பாத்திரங்கள் மேல் அத்தனை கோபத்தையும் காட்டினாள். ஆனால் தாளைக் கிழிக்கவில்லை.

சனிக்கிழமை காலை நானும் கூடப் போனேன். ஏதாவது வார்த்தைக்கு அர்த்தம் கேட்டால் சொல்ல வேண்டும் என்று அவன்தான் கூப்பிட்டான். அலுவலகத்தில் ஒரு வார மழை ஒழுகி, ஃபைல்களையெல்லாம் மேசைமேல் ஏற்றி வைத்திருந்தார்கள். இன்ஜினியர் வயசில் சின்னவர், தூங்காத கண். ஃபோர்மேன் பக்கத்தில் நின்றான். இன்ஜினியர் தாளைப் படித்தார். மறுபடி படித்தார். பிறகு தன் ஃபைலிலிருந்து இன்னொரு தாளை எடுத்து இதன் பக்கத்தில் வைத்தார்.

“என்னய்யா விளையாடுறீங்களா? நேத்தே ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பி அவன்கிட்ட வாங்கியாச்சு. ‘நான் யாரையும் கேட்காமல் ஏறினேன், என் தப்பு’ன்னு எழுதச் சொல்லி, இடது கை பெருவிரல் வச்சிருக்கான். அவன் தன் தப்புங்கிறான், நீ உன் தப்புங்கிற. ரெண்டும் எப்படிய்யா உண்மையா இருக்கும்?”

லைன்மேன் அந்தப் பெருவிரல் மையைப் பார்த்தபடியே நின்றான். ஃபோர்மேன், “சார், அதான் அடிபட்டவனே சொல்லிட்டானே. இவன் ஏதோ மனசு கேக்காம எழுதிட்டான். கிழிச்சுப் போட்டுட்டு…” என்றான்.

“கிழிக்க வேணாம் சார்” என்றான் லைன்மேன். “அவன் ஏன் அப்படி எழுதினான்னு எனக்குத் தெரியல. நான் என்ன சொன்னேன்னு எனக்குத் தெரியும். அது என் வாயில இருந்து வந்தது சார்.”

இன்ஜினியர் ஃபோர்மேன் பக்கம் திரும்பினார். “இவன்கிட்ட நீ சொன்ன. உன்கிட்ட யாரு சொன்னா?”

“சப்ஸ்டேஷன்ல இருந்து சார்.”

“நீ பேசுனியா?”

“கிளார்க் பேசிட்டு என்கிட்ட சொன்னாரு சார்.”

“கிளார்க் யாருகிட்ட பேசினாரு?”

ஃபோர்மேன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். இன்ஜினியர் பேனாவை மேசைமேல் எறிந்தார். “ஒருத்தன்கூட, ஒரே ஒருத்தன்கூட அந்த சுவிட்சக் கண்ணால பாக்கலையா? என்னய்யா ஆபீஸ் இது!” என்று கத்தினார். அந்த ஆள்மேல் எனக்கு அப்போது கொஞ்சம் மரியாதை வந்தது. ஆனாலும் மத்தியானத்துக்குள் லைன்மேனுக்கு சஸ்பெண்ட் ஆர்டர் கைக்கு வந்துவிட்டது. ஃபோர்மேனுக்கும் கிளார்க்குக்கும் விளக்கம் கேட்டு மெமோ. ஏணிக்கான வைத்தியச் செலவை அலுவலகம் ஏற்கும் என்று ஒரு வரி. விசாரணை முடிய எத்தனை மாதம் ஆகும் என்று எவருக்கும் தெரியவில்லை.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு. சலவைப் பிரிவு வாசலிலேயே லைன்மேன் மனைவி எங்களைப் பார்த்துவிட்டாள். புருஷன் கையிலிருந்த கவரைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் மடித்த விரிப்புகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் கூடவே வார்டுக்கு வந்தாள்.

ஏணி கட்டில் கொள்ளாமல் கிடந்தான். கால் கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வலது கை முழங்கை வரை கட்டு. பக்கத்தில் அவன் பொண்டாட்டி கிண்ணத்தில் கஞ்சியோடு உட்கார்ந்து, ஒரு வாய் ஊட்டுவதும் ஒரு வாய் திட்டுவதுமாக இருந்தாள்.

“வாங்கண்ணே. பாருங்க உங்க தோஸ்த. கேட்டுட்டு ஏறுய்யான்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன்…”

“அவன் கேட்டான்மா” என்றான் லைன்மேன். “ஆஃப் ஆயிடுச்சா மச்சான்னு கேட்டான். நான்தான் ஆயிடுச்சுன்னு சொன்னேன். நான் பாக்கல. இப்ப ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டு வர்றேன்.”

ஏணி கண்ணை இறுக மூடிக்கொண்டான். “அறிவு கெட்டவனே” என்றான். “உன்ன எவன்டா எழுதச் சொன்னான்? நான்தான் விரல் வச்சுக் குடுத்துட்டேன்ல?”

“எதுக்குடா குடுத்த?”

“என் கை எப்படியும் போச்சு. இனி நான் ஏற முடியாது. ரெண்டு வீட்டு அடுப்பும் எதுக்கு அணையணும்? ஒருத்தன் விழுந்தது பத்தலையா? எல்லாத்தையும் கெடுத்துட்டியேடா!” கத்தினதில் இடுப்பு வலித்துவிட்டது போலிருக்கிறது, பல்லைக் கடித்தான்.

அவன் பொண்டாட்டி கரண்டியைக் கிண்ணத்தில் போட்டாள். லைன்மேனை அடிக்கப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். லைன்மேனும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், விலகாமல் நின்றான். அவள் அவன் பக்கமே திரும்பவில்லை. புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

“அஞ்சு நாளா உன்னத் திட்டிட்டே இருக்கேனேய்யா. அறிவில்ல, அறிவில்லன்னு வார்டுக்கே கேக்குற மாதிரி. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ எங்கிட்டயாவது வாயத் திறந்தியா?”

அவள் அழுதாள். விரிப்புக் கட்டோடு நின்ற கீழ்வீட்டுக்காரியும் அழுதாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அந்த அழுகையிலும் இந்த ஆம்பிளைகள் இரண்டு பேரையும் வரிசையில் நிறுத்தி மண்டையில் குட்ட வேண்டும் போலத்தான் இருந்தது.

அவள் மூக்கை உறிஞ்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கிண்ணத்தை லைன்மேன் கையில் வைத்தாள்.

“இந்தாங்கண்ணே. நீங்களே ஊட்டுங்க. என்னால முடியல.”

அவள் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். லைன்மேன் ஸ்டூலில் உட்கார்ந்தான். சஸ்பெண்ட் ஆர்டரை எங்கே வைப்பதென்று தெரியாமல் தொடைக்கடியில் வைத்துக்கொண்டான். கரண்டியில் கஞ்சியை அள்ளி ஏணியின் வாய்க்கு நேரே கொண்டுபோனான்.

ஏணி வாயைத் திறக்கவில்லை. “சூடு பாத்தியா?” என்றான்.

லைன்மேனின் கை அந்தரத்தில் நின்றது. கரண்டியைத் திருப்பித் தன் உதட்டில் வைத்துப் பார்த்தான். பிறகு ஊட்டினான்.